சாம்பலை இழுத்த சிலோன் கல்லும் நூறு ரூபாய் சென்சாரும்

ஆபீசில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால பதிவு கொஞ்சம் பெரிசு. பொறுமை இருக்கறவங்க ஒரு டீயோட உக்காருங்க. இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போய்க்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

பொழுதுபோக்கா எலெக்ட்ரானிக்ஸ்ல கை வைக்கிற யாரா இருந்தாலும், ஆரம்பிச்ச ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு சாமான் வாங்கியிருப்பாங்க. ஒரு சின்ன போர்டு, மேல பாதி பிங்பாங் பந்து மாதிரி வெள்ளைக் குமிழ், கீழ மூணு பின். ரிச்சி தெருவில் போய் 'மோஷன் சென்சார்' என்று கேட்டாலே எடுத்து நீட்டுவாங்க. போர்டோட பேர் எச்.சி-எஸ்.ஆர்501. பொதுவா பி.ஐ.ஆர் சென்சார் என்று சொல்வது வழக்கம். 5 வோல்ட் குடுத்தா போதும். ஆள் நடமாட்டம் இருந்தா வெளிய 3.3 வோல்ட், இல்லாட்டி பூஜ்யம். ஆர்டுயினோவில் பத்து வரி எழுதினா லைட் எரியும், பஸ்ஸர் கத்தும். வீட்ல உள்ளவங்க ஒரு நாள் மட்டும் ஆச்சரியப்படுவாங்க.

ரெண்டாவது நாள்லேர்ந்து புகார் ஆரம்பிக்கும். இதை வச்சு எதையாவது செஞ்ச எல்லாரும் சொல்ற புகார்களைத் தொகுத்தா அஞ்சுதான் வரும்:

1. ஆள் உள்ளே உக்காந்திருக்கும்போதே லைட் அணைஞ்சிடுது.
2. கரண்ட் குடுத்த முதல் ஒரு நிமிஷம் தன்னால அடிச்சு அடிச்சு நிக்குது.
3. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வச்சா அந்தப் பக்கம் வர்ற ஆள் தெரியறதில்லை.
4. குறுக்கே நடந்தா டக்குனு பிடிக்குது, நேரா அதை நோக்கி நடந்தா லேட்டாகுது.
5. மார்கழியில் ஏழு மீட்டர் பாத்தது மே மாசத்துல மூணு மீட்டர்கூடப் பாக்க மாட்டேங்குது.

'சைனா சாமான், அப்படித்தான்' என்று பலர் விட்டுடறாங்க. ஆனா காசு எவ்வளவு குடுத்து எந்த நாட்டு சென்சார் வாங்கினாலும் இந்த அஞ்சும் ஏதோ ஒரு அளவுல இருக்கும். ஏன்னா இது போர்டோட குணம் கிடையாது. உள்ளே இருக்கற பொருளோட குணம். அதைவிட சுவாரசியம், இதுல பெரும்பாலான விஷயத்தை 1700-க்கும் 1840-க்கும் நடுவிலேயே ஆட்கள் சோதிச்சுப் பாத்து எழுதி வச்சுட்டாங்க. அந்தக் கதை ஆரம்பிக்கறது நமக்கு ரொம்பப் பக்கத்துல, இலங்கையில். கேளம்பாக்கத்துலேர்ந்து பாத்தா வழியில் ஒரு உப்பளமும் ஒரு கலங்கரை விளக்கமும்கூட வரும்.

முதல்ல ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துடுவோம். கடையில் 'ஐ.ஆர் சென்சார்' என்று கேட்டா வேற ஒண்ணும் குடுப்பாங்க. ஒரு கறுப்பு எல்.ஈ.டி, ஒரு வெள்ளை எல்.ஈ.டி பக்கத்துல பக்கத்துல இருக்கும். அது தானே ஒளியை அனுப்பி, எதிர்ல இருக்கறதுல பட்டுத் திரும்பி வருதான்னு பாக்கும். லைன் ஃபாலோயர் ரோபோவில் போடறது அதுதான். பி.ஐ.ஆர் எதையும் அனுப்பாது. நம்ம உடம்புலேர்ந்து தானா கிளம்பற வெப்பக் கதிரை வாங்கிக்கறதோட சரி. பேர்ல இருக்கற 'பேசிவ்' அதைத்தான் சொல்லுது.

சாம்பல் இழுக்கும் கல்

டச்சுக்காரங்க கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் ஆரம்பிச்சது. நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கத்துக்குப் பக்கத்துல சதுரங்கப்பட்டினத்தில் இன்னைக்கும் ஒரு செங்கல் கோட்டை நிக்குதே, அது இந்தக் கம்பெனிக்காரங்க கட்டினதுதான். அங்கே அவங்க கண் துணி மேல. கடலுக்கு அந்தப் பக்கம் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியர்கிட்டேர்ந்து பிடிச்சாங்க. 1796 வரைக்கும் இலங்கையின் கடற்கரை அவங்க கையில். லவங்கப்பட்டைதான் பெரிய வியாபாரம். அதோட கூட ரத்தினக் கற்களும் கப்பல் ஏறின.

அப்படிப் போன கல்லுல ஒண்ணு தோரமல்லி. சிங்களத்துல ரத்தின வியாபாரிங்க வச்சிருந்த பேர் இது. அந்தப் பேருக்குள்ள வேற சில கல்லுகளும் அடக்கம். ஐரோப்பாவுக்குப் போனப்ப அந்தப் பேர் இந்த ஒரு கல்லோட ஒட்டிக்கிட்டு 'டூர்மலின்' ஆயிடுச்சு. இன்னைக்கு உலகம் பூரா அதே பேர்தான்.

நெதர்லாந்துல இந்தக் கல்லைச் சூடுபடுத்தினவங்க ஒரு விநோதத்தைப் பாத்தாங்க. சூடான கல் பக்கத்துல இருக்கற சாம்பலைத் தன் பக்கம் இழுக்குது. கொஞ்ச நேரத்துல அதே சாம்பலைத் தள்ளியும் விடுது. காந்தம் இரும்பை இழுக்கும், அது தெரிஞ்ச கதை. இது சாம்பலை இழுக்குது. சுங்கான்லேர்ந்து சாம்பல் எடுக்க இதை உபயோகிச்சதாவும் சொல்வாங்க. டச்சு மொழியில் கல்லுக்கே 'சாம்பல் இழுப்பான்' என்று அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சுட்டாங்க.

இதை முதல்ல அச்சுல ஏத்தினவர் யோஹான் கேயார்க் ஷ்மிட் என்ற ஜெர்மன்காரர். 1707-ல் வந்த அவரோட புத்தகத்தின் தலைப்பை நம்ம மொழியில் சொன்னா 'தூக்கம் வராத ராத்திரிகளில் வந்த யோசனைகள்' மாதிரி வரும். (ராத்திரி ரெண்டு மணிக்கு சால்டரிங் அயர்னோட உக்காந்திருக்கற நமக்கெல்லாம் அவர்தான் முன்னோடி!) 1703-ல் டச்சுக்காரர்கள் சிலோன்லேர்ந்து இந்தக் கல்லைக் கொண்டு வந்ததா, தான் ஒரு ராணுவ டாக்டர் சொல்லிக் கேட்டதா அதுல எழுதியிருக்கார்.

அடுத்து 1717-ல் லூயி லெமெரி பாரிஸ் அகாடமியில் சிலோன் ஆறு ஒண்ணுல கிடைச்ச கல்லைப் பத்திச் சொன்னார். 1747-ல் தாவரங்களுக்கெல்லாம் பேர் வச்ச லின்னேயஸ், இலங்கைச் செடிகளைப் பத்தி எழுதின புத்தகத்துல இதை 'மின்சாரக் கல்' என்று குறிப்பிட்டார். இழுக்கறதும் தள்றதும் மின்சாரம்தான்னு அவர் ஊகிச்சதோட சரி. சோதனை பண்ணி நிரூபிக்க இன்னும் ஒன்பது வருஷம் ஆச்சு.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. சொன்னவர் பேர் இருக்கு, கேட்டவர் பேர் இருக்கு, அச்சடிச்ச வருஷம் இருக்கு. இரத்தினபுரி பக்கம் ஆத்து மணலையும் குழி மண்ணையும் கூடையில் அள்ளி அலசி, இது மாணிக்கம், இது நீலம், இது தோரமல்லின்னு பிரிச்ச கைகளோட பேர் ஒண்ணுகூட இந்தக் கதையில் இல்லை. அவங்க வச்ச பேர் மட்டும் கல்லோட போய்ச் சேர்ந்துடுச்சு.

கொதிக்கிற தண்ணியில் ஒரு பதில்

1756-ல் பெர்லினில் இருந்த ஃபிரான்ஸ் ஏபினஸ் கையில் இந்தக் கல் கிடைச்சது. அவர் அதைச் சூடான தண்ணியில் போட்டு எடுத்துப் பாத்தார். ஒரு முனையில் பாசிட்டிவ், மறுமுனையில் நெகட்டிவ். காந்தத்துக்கு ரெண்டு துருவம் இருக்கற மாதிரி இந்தக் கல்லுக்கும் மின்சாரத்துல ரெண்டு துருவம். லின்னேயஸோட ஊகம் உறுதியாச்சு.

நமக்கு முக்கியமான ஆள் அடுத்து வர்றவர்தான். ஜான் கேண்டன், லண்டன்ல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1759-ல் அவர் கண்டுபிடிச்சதை ஒரே வரியில் சொல்லலாம்: கல் சூடா இருக்கறதால மின்சாரம் வர்றதில்லை, சூடு மாறும்போதுதான் வருது. சூடேறும்போது ஒரு முனை பாசிட்டிவ்னா, ஆறும்போது அதே முனை நெகட்டிவ். சூடு ஏறாம இறங்காம ஒரே நிலையில் நின்னா ஒண்ணும் கிடையாது. ஸ்வீடனில் டோர்பெர்ன் பெர்க்மானும் 1766-ல் இதே முடிவுக்கு வந்தார்.

கேண்டன் இன்னொண்ணும் செஞ்சார். ஒரு தகரக் குவளையில் கொதிக்கிற தண்ணி ஊத்தி, உள்ளே கல்லைப் போட்டு, குவளையை ஒரு மின்னளவியோட சேர்த்தார். கல் சூடாகி ஆறி முடியற வரைக்கும் அளவி அசையவே இல்லை. அதாவது ரெண்டு முனையிலும் வர்ற மின்சாரம் சரிக்குச் சரி, கூட்டினா பூஜ்யம். அதே வருஷம் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் (காத்தாடி விட்டு இடியைப் பிடிச்ச அதே ஆள்தான்) நண்பர் ஹெபர்டன் குடுத்த கல்லுகளை வச்சு சோதனை பண்ணி அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலத்துல இந்தக் கல் அவ்வளவு பிரபலம்.

இப்ப நம்ம முதல் புகாருக்கு வருவோம். படூர்ல எங்க பெரியம்மா வீட்டு பாத்ரூம்ல ஒரு எலெக்ட்ரீஷியன் சென்சார் லைட் மாட்டிட்டுப் போனார். கரண்ட் மிச்சம்னு சொல்லி நேரத்தை ரொம்பக் குறைச்சு வச்சிருந்தார். பெரியம்மாவோட மாமியாருக்கு எண்பது வயசுக்கு மேல. உள்ளே போய் உக்காந்தா சில நொடியில் லைட் அணைஞ்சிடும். இருட்டுல கையை ஆட்டணும், இல்லன்னா எழுந்து தடவணும். ஈரத் தரையில் எண்பது வயசு ஆள் தடவிக்கிட்டு நிக்கறது எவ்வளவு ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்லை. நான் போயிருந்தப்ப பாட்டி கேட்டாங்க:

"ஏண்டா தம்பி, நான் அசையாம உக்காந்தா செத்துட்டேன்னு நெனச்சுக்குதாடா இந்த லைட்டு?"

கிட்டத்தட்ட அப்படித்தான் பாட்டி. அதுக்கு மனுஷங்க தெரியாது. சூடு தெரியும்னு சொல்றதுகூட முழுசா சரியில்லை. சூட்டில் வர்ற மாற்றம் மட்டும்தான் தெரியும். அசையாம உக்காந்திருக்கற ஆளும் அசையாம இருக்கற சுவரும் அதுக்கு ஒண்ணுதான். கேண்டன் 1759-ல் எழுதினதை பாட்டி பாத்ரூம்ல உக்காந்து தானா கண்டுபிடிச்சுட்டாங்க.

ரெண்டாவது புகாருக்கும் இதே விடை. கரண்ட் குடுத்ததும் உள்ளே இருக்கற பொருளும் சுத்தி இருக்கற சர்க்யூட்டும் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் எல்லாமே 'மாற்றம்'தான். அதனால ஒரு நிமிஷம் கத்தும். புரோகிராம்ல முதல் 60 நொடி சென்சாரைக் கண்டுக்காம விடறது இதுக்காகத்தான்.

உப்பும் கண்ணாடியும்

அடுத்த கதை கல்லோட சம்பந்தப்படாதது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் (1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடிச்சவர், அதுக்கு முன்னாடி முழுநேர இசைக்காரர்) சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரிச்சு ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தார். சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத இடத்துல சூடு ஏறினது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் தெரிய வந்தது.

ஆனா அவர் பட்டகம் கண்ணாடி. கண்ணாடி சிவப்பை ஒட்டின பகுதியை விடும், அதுக்கு மேல 3, 4 மைக்ரான் தாண்டினா கிட்டத்தட்ட சுவர் மாதிரி. நம்ம தோல் சுமார் 33, 34 டிகிரி சூட்டில் இருக்கு. அந்தச் சூட்டுக்குக் கதிர் உச்சமா வர்றது 9.5 மைக்ரான் பக்கம். அது கண்ணாடியைத் தாண்டாது. மூணாவது புகார் முடிஞ்சது. ஜன்னலுக்கு உள்ளே வச்ச சென்சாருக்கு வெளியே நிக்கற ஆளைவிட கண்ணாடியோட சூடுதான் தெரியும்.

இதைத் தாண்டி வழி கண்டவர் இத்தாலியின் மெலோனி. அவரும் நோபிலியும் 1831-ல் ரெண்டு உலோகச் சந்திப்புகளை வரிசையா அடுக்கி ஒரு கருவி வச்சிருந்தாங்க. சுமார் 10 மீட்டர் தள்ளி நிக்கற ஆளோட உடம்புச் சூட்டை அது காட்டிச்சு. யோசிச்சுப் பாருங்க, நம்ம போர்டு பாக்கறது அதிகபட்சம் ஏழு மீட்டர் :-) அதுக்கப்புறம் மெலோனி எந்தெந்தப் பொருள் வெப்பக் கதிரை விடுதுன்னு ஒவ்வொண்ணா சோதிச்சார். கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கற கண்ணாடி தோத்துப் போச்சு. ஜெயிச்சது கல்லுப்பு. சாதாரண உப்புதான், ஆனா பெரிய படிகமா. உப்புல பட்டகமும் லென்சும் செஞ்சு வெப்பக் கதிரை வளைச்சுக் காட்டினார்.

கேளம்பாக்கத்துலேர்ந்து கோவளம் போற ரோட்டுல போனவங்களுக்கு உப்பளம் தெரியும். பாத்தி பாத்தியா தண்ணி, ஓரத்துல வெள்ளைக் குவியல். அங்க வாரிக் குவிக்கற அதே சோடியம் குளோரைடுதான் வெப்பக் கதிருக்கு ஜன்னல். கெமிஸ்ட்ரி லேப்களில் அகச்சிவப்பு அளக்கற மெஷினுக்கு உப்புத் தகடு போடறது இதனாலதான். அப்ப நம்ம சென்சார்ல ஏன் உப்பு இல்லை? நம்ம ஊர் காத்துக்கு உப்பு டப்பாவே கசியும். அதுக்குப் பதிலா கிடைச்ச மலிவான பொருள் பாலித்தீன். மெல்லிசா இருந்தா மனுஷ உடம்புக் கதிரை நல்லாவே விடும். அந்த வெள்ளைக் குமிழ் அதுதான். கண்ணுக்குப் பால் மாதிரி மங்கல், கதிருக்குத் தெளிவு. கண்ணாடிக்கு நேர் எதிர்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, 1880 வாக்கில் அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி போலோமீட்டர் என்று ஒரு கருவி செஞ்சார். மெருகேத்தினதுக்கு அப்புறம் கால் மைல் தள்ளி நிக்கற மாட்டோட சூட்டையே அது காட்டினதாச் சொல்வாங்க. ஓ.எம்.ஆர்ல ராத்திரி வண்டி ஓட்டறவங்களுக்கு இப்படி ஒண்ணு ரொம்ப உபயோகமா இருக்கும்.

கலங்கரை விளக்கத்துலேர்ந்து குமிழுக்கு

குமிழைத் திருப்பிப் பாத்தீங்கன்னா உள்பக்கம் சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் வட்ட வட்டமா கோடு. ஒவ்வொண்ணும் ஒரு ஃப்ரெனெல் லென்ஸ். இது ஃபிரான்ஸில் ஆகஸ்டின் ஃப்ரெனெல் கலங்கரை விளக்கத்துக்காக யோசிச்சது. பெரிய லென்ஸ் முழுக்க கண்ணாடியா செஞ்சா கனம் தாங்காது. ஆனா ஒளி வளையறது மேற்பரப்பில் மட்டும்தான். அதனால நடுவுல இருக்கற கனத்தை வெட்டிட்டு வளைவை மட்டும் வளையம் வளையமா வச்சார். 1823-ல் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதல்ல ஏத்தினாங்க. உலகத்துக் கடற்கரை எல்லாம் பரவிச்சு.

நம்ம மாமல்லபுரத்துலயும் மலை மேல ஒரு கலங்கரை விளக்கம் நிக்குது. அந்தக் கல் கோபுரம் வர்றதுக்கு முன்னாடி 19-ஆம் நூற்றாண்டில் பக்கத்துல இருக்கற பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் மேல விளக்கு வச்சு கப்பலுக்குக் காட்டினாங்க. அங்கே லென்சோட வேலை, ஒரு விளக்கோட வெளிச்சத்தைக் கத்தையாக்கி வெளியே அனுப்பறது. நம்ம குமிழில் அதையே திருப்பிப் போட்டிருக்கு. வெளியே பரவி இருக்கற வெப்பத்தைக் கத்தையாக்கி உள்ளே ஒரு புள்ளிக்குக் கொண்டு வருது.

நிறைய லென்ஸ் இருக்கறதால அறை பூரா விசிறி மாதிரி பார்வைக் கோடுகள் விழும். கோட்டுக்குக் கோடு நடுவுல குருட்டு இடம். உள்ளே இருக்கற சின்ன உலோக டப்பாவில் ரெண்டு துண்டு, ஒண்ணுக்கொண்ணு எதிர்த் துருவமா இணைச்சிருக்கு. மேகம் விலகி அறை முழுக்கச் சூடேறினா ரெண்டும் சரிக்குச் சரி மின்சாரம் குடுத்து அழிஞ்சிடும். கேண்டனோட தகரக் குவளைக் கணக்கை ஞாபகப்படுத்துது இல்ல? ஆள் குறுக்கே நடந்தா முதல்ல ஒரு துண்டு, அடுத்து இன்னொரு துண்டு. அலை மேல போய்க் கீழ வரும், சென்சார் பிடிக்கும். நேரா நடந்து வந்தா ரொம்ப நேரம் ஒரே கோட்டுக்குள்ளேயே இருப்பார். மாற்றம் மெதுவா இருக்கும். நாலாவது புகார் இதுதான். அதனால வாசக்கதவுக்கு நேர் எதிர்ல மாட்டாம, பக்கச் சுவர்ல மாட்டுங்க.

கல்லும் கதிரும் சேர்ந்த கல்யாணம்

ஒரு பக்கம் சூடு மாறினா மின்சாரம் குடுக்கற கல். இன்னொரு பக்கம் உடம்புலேர்ந்து கிளம்பற கதிர். ரெண்டும் 1830-களிலேயே தெரியும். 1824-ல் டேவிட் ப்ரூஸ்டர் கல்லோட குணத்துக்கு 'பைரோஎலெக்ட்ரிசிட்டி' என்று பேரும் வச்சாச்சு. 1880-ல் கியூரி சகோதரர்கள் (மேரி கியூரியின் வீட்டுக்காரர் பியேரும் அவர் அண்ணன் ஜாக்கும்) இதே டூர்மலின், குவார்ட்ஸ் மாதிரி படிகங்களை அழுத்தினாலும் மின்சாரம் வருதுன்னு காட்டினாங்க. நம்ம பஸ்ஸரும் கேஸ் லைட்டரும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனா கல்லை வச்சுக் கதிரைப் பிடிக்கலாம்னு இயூ டா என்பவர் பாரிஸில் எழுதினது 1938-ல்தான். அவர் சொன்னதும் டூர்மலின் படிகத்தைத்தான். ஏன் இவ்வளவு நாள்? கல் குடுக்கற மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். தொட்டு அளக்கப் போனாலே வழிஞ்சிடும். அதைத் தொடாமத் தொட்டுப் பெருக்க ஒரு கருவி வேணும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்துல நடந்த ஆராய்ச்சி எல்லாம் ராணுவ ரகசியமாப் போச்சு. 1956-ல் பெல் ஆய்வகத்தில் டி.ஜி.எஸ் என்ற படிகம் வந்தது. டூர்மலினைவிடப் பல மடங்கு அதிக மின்சாரம் குடுக்கும். கூடவே ஃபீல்ட் எஃபெக்ட் டிரான்சிஸ்டரும் வந்துச்சு. இதுதான் அந்தத் 'தொடாமத் தொடற' கருவி. நம்ம சென்சார் டப்பாக்குள்ளயும் ஒண்ணு உக்காந்திருக்கு. மூணு கால் இருக்கறது அதனாலதான். படிகத்துக்குப் பதிலா மலிவான பீங்கான் துண்டுகள் வந்ததும் விலை இறங்க வழி கிடைச்சது.

திருட்டு அலாரம் அதுக்கு முன்னாடியே இருந்தது. 1950-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் சாமுவேல் பாக்னோ காதுக்குக் கேக்காத ஒலியை அறைக்குள்ள பரப்பி, அது திரும்பி வர்றதுல வித்தியாசம் பாத்தார். அதுக்கு எப்பவும் ஒலியை அனுப்பிக்கிட்டே இருக்கணும். 1970-களில் பி.ஐ.ஆர் வந்ததும் அந்த வேலையே இல்லை. சும்மா இருந்தாப் போதும். நம்ம போர்டு சும்மா இருக்கும்போது ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடக் குடிக்காது. மீதி வேலையை பி.ஐ.எஸ்.எஸ்0001 என்ற ஒரு சிப் பாத்துக்குது. சின்ன அலையை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி, ஒரு அளவைத் தாண்டினா டைமரை ஓட விடும். போர்டுல இருக்கற ரெண்டு திருகில் ஒண்ணு தூரம், ஒண்ணு நேரம்.

மே மாசத்துக் குருடு

கடைசிப் புகார் நம்ம ஊருக்கே உரியது. சென்சாருக்கு வேண்டியது ஆளோட சூடுக்கும் பின்னாடி இருக்கற சுவரோட சூடுக்கும் நடுவுல வித்தியாசம். மார்கழி ராத்திரியில் சுவர் 24 டிகிரி, தோல் 33. ஒன்பது டிகிரி கிடைக்குது. மே மாசம் மத்தியானம் மொட்டைமாடி ஷெட்ல சுவரும் 34, 35-க்கு வந்துடும். அப்ப ஆள் நடந்தாலும் சுவர் நடந்த மாதிரிதான். சென்சார் கெட்டுப் போகலை, அதுக்குப் பாக்க ஒண்ணும் இல்லை. குளிர் நாட்டுக்காரங்க எழுதி வச்ச 'ஏழு மீட்டர்' நம்ம ஊர் கோடைக்குச் செல்லாது.

அதனால இதை வச்சு எதையாவது செய்யறவங்களுக்கு என் பக்கத்துலேர்ந்து நாலு விஷயம்:

* வயசானவங்க, குழந்தைங்க போற பாத்ரூம், மாடிப்படிக்கு இதை மட்டும் நம்பாதீங்க. எப்பவும் எரியற ஒரு சின்ன நைட் லேம்ப் கூட இருக்கட்டும். நேரத் திருகை முழுசாத் திருப்பி அஞ்சு நிமிஷத்துக்கு வைங்க. அசைவு வரும்போதெல்லாம் நேரம் நீளற மாதிரி ஜம்பரை மாத்துங்க. பாட்டி வீட்டில் இப்ப அப்படித்தான் இருக்கு.
* அசையாம இருக்கற ஆளையும் கண்டுபிடிக்கணும்னா இப்ப 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டுகள் கிடைக்குது. மூச்சு விடற நெஞ்சு அசைவையே பிடிக்கும். ஆனா அது கதிரை அனுப்பற ஜாதி, கரண்டும் அதிகம் குடிக்கும்.
* வைஃபை உள்ள போர்டை சென்சார் மேல ஒட்டி வைக்காதீங்க. அந்த அலையையே ஆள்னு நெனச்சுக் கத்தும். கொஞ்சம் ஒயர் விட்டுத் தள்ளி வைங்க.
* கோடையில் திருட்டுக்குக் காவலா இதை ஒண்ணை மட்டும் வைக்காதீங்க. கதவுல நாலணா சைஸ் காந்த சுவிட்ச் ஒண்ணு சேர்த்துக்குங்க. அதுக்கு வெயில் தெரியாது.

இப்ப விக்கிற சென்சார்ல டூர்மலின் இல்லை. ஆனா 1703-ல் கப்பல் ஏறின அந்த சிலோன் கல் என்ன செஞ்சுதோ அதையேதான் இந்தப் பீங்கான் துண்டும் செய்யுது. சாம்பலை இழுத்ததும் சரி, இப்ப லைட்டைப் போடறதும் சரி, சூடு மாறின அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

கொசுறு: போர்டுலேர்ந்து வெள்ளைக் குமிழை மெதுவா இழுத்தா தனியா வந்துடும். குமிழ் இல்லாம ஒரு தடவை முன்னாடி நடந்து பாருங்க, அப்புறம் குமிழை மாட்டிட்டு நடந்து பாருங்க. தூரம் எவ்வளவு மாறுதுன்னு பாத்தா ஃப்ரெனெலுக்கு ஒரு கும்பிடு போடத் தோணும். முடிஞ்சா அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரம் போய் அந்தக் கலங்கரை விளக்கத்தையும் ஒரு நடை பாத்துட்டு வாங்க.